கெட்டிப்பால்

ஹட்டன், 1959 ஆடி, செவ்வாய் இரவு.

என் மனைவி கமலத்தின் எடை குறையவில்லை, கூடியிருக்கிறது. இன்று டாக்டரே தராசைப் பார்த்துச் சொன்னார். எடை இறங்காமல் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்ய மாட்டார்களாம். சோற்றைக்கூட அரைவயிறாக்கிவிட்டாள்.

மாலையில் பால்கார முத்தம்மாவிடம், நான் சொன்னபடி ஆடை எடுத்த பால்தானே தருகிறாய் என்று கேட்டேன்.

"சீக்காளிக்குப் போயி அந்தத் தண்ணிப்பாலாங்கய்யா? பேப்பர்க்கார அய்யா நீங்க இம்புட்டுக் கஞ்சமான்னு நெனச்சேன். கடைசியாக் கறக்குற கெட்டிப்பாலத்தான் அம்மாவுக்குன்னு தனியா எடுத்தாறேன். காசு அதே காசுதான். அம்மா தேறிட்டாங்களா?"

உள்ளே கமலம் வலியில் முனகிக்கொண்டிருந்தாள்.

நாளையிலிருந்து வெறுந்தேநீர். அடுத்த மாதம் முதல் வெள்ளியன்று மறுபடி நிறுப்பார்கள். அதில் இறங்கினால்தான் கண்டி ஆஸ்பத்திரியில் நாள் குறிப்பார்கள். அதுவரை வலி பொறுக்க வேண்டும்.