பூட்டி வைத்த பிப்பெட்

ஜூன் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

முழங்கால் வலி தேவலையா? இதை எழுதக் கை கூசுகிறது.

நெல்விதையைக் கட்டியாக்குவது ஆக்சின் ஹார்மோன். பிறகு அதை நிறுத்தித் தளிர் ஹார்மோன் கொடுத்தால் பச்சை துளிர்க்கும். என் பாட்டில்களில் மூன்று வாரமாகக் கட்டி வீங்குகிறதே தவிர, ஒரு பச்சைப் புள்ளி இல்லை. பக்கத்துத் தட்டில் உங்கள் மகளுடையவை மட்டும் தளதளவென்றிருக்கின்றன. ஆய்வுக்கூடச் சாவி எங்கள் இருவரிடம்தான். என் பாட்டிலில் ஆக்சின் கலக்க வேறு யார் வருவார்? பயந்துபோய், ஹார்மோனை உறிஞ்சி அளக்கும் என்னுடைய ஒரே பிப்பெட்டையும் இழுப்பறையில் பூட்டி வைக்கிறேன். வெள்ளிக்கிழமை இயக்குநரிடம் சொல்லப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தங்கை

ஜூன் 9

அன்புத் தங்கைக்கு,

முழங்கால் கிடக்கட்டும். என் மகளையும் சந்தேகிக்கிறேன், உன்னையும்தான்.

வாத்தியார் வேலையில் இருந்தபோது, சிவப்பு மை தீர்ந்த பேனாவில் நீல மை ஊற்றினேன். அலசித்தான் ஊற்றினேன். இரண்டு நாள் ஊதாவாக எழுதியது. யாரோ விளையாடிவிட்டார்கள் என்று வகுப்பையே எழுந்து நிற்கவைத்தேன். இரு ஹார்மோனையும் அந்த ஒரே பிப்பெட்டிலா எடுக்கிறாய்? இம்மியளவு ஆக்சின் ஒட்டியிருந்தாலும் நெல் துளிர்க்காது என்று நீதானே சொன்னாய்? புதியது வாங்கிப் பார். அதுவரை இயக்குநரிடம் போகாதே.

அண்ணன்

ஜூன் 13

அண்ணா,

உங்கள் கடிதத்தை வெள்ளிக்கிழமை முந்திக்கொண்டது. அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வாசலில் நின்று, "அத்தை, அந்தப் பிப்பெட்ட மாத்திப் பாருங்களேன்" என்றாள். "எனக்கே பாடம் நடத்துறியா?" என்று கேட்டுவிட்டேன். இப்போது நீங்களும் அதையே எழுதுகிறீர்கள். அப்பாவும் மகளும் பேசிவைத்துக்கொண்டீர்களோ? இருக்கட்டும், வாங்கிப் பார்க்கிறேன். அப்போது தெரியும்.

தங்கை

ஜூலை 6

அன்பு அண்ணா,

புதிய பிப்பெட்டில் கலந்த ஒன்பது பாட்டில்களில் ஏழு பச்சை. பழையதில் கலந்தவை இன்னும் வெறும் கட்டி. அவள் போனபின் என் கையைத் தவிர இங்கே வேறு கை இல்லை. எந்த முகத்தோடு எழுதுவது? "அத்தை தப்புப் பண்ணிட்டா" என்று அவளிடம் சொல்லுங்கள். திரும்பி வரச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை

ஜூலை 10

தங்கைக்கு,

கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். திட்டவில்லை. "இத அத்தை இயக்குநருக்கும் எழுதிட்டாங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

எழுதியிருந்தால் நகல் அனுப்பு. வாய்வார்த்தை அவளுக்குப் போதவில்லை. எனக்கும்தான்.

அண்ணன்