கீழ்ப்பாதி என்னிடம் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் இன்று ஒரு பெரியவர் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் வெறும் கண்ணாலேயே கடகடவென்று ஒப்பித்தார். சந்தேகப்பட்டு வேறு பலகையை மாட்டினேன். முதல் எழுத்தே தெரியவில்லை. "முன்னாடி போனவங்க படிச்சதைக் கேட்டுக்கிட்டிருந்தேன்மா" என்று அசட்டுச் சிரிப்பு வேறு. கண்ணுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டு, காது பிரமாதம் என்று பாராட்டி அனுப்பினேன்.

திரும்பும் வழியில் கால் தானாகப் பழைய தாள் கடைக்குள் நுழைந்தது. ஒரு சினிமா போஸ்டர். அரிவாளோடு கதாநாயகன், அவன் மீசைக்கு மேலே குறுக்காக "இன்றே கடைசி" என்று ஒட்டிய துண்டுச் சீட்டு. "தண்ணி தொட்டா வந்துடும், எடுத்துத் தரவா?" என்று கடைக்காரர் கேட்டார். எடுத்தால் கையை உடைப்பேன் என்றேன். அந்தச் சீட்டுக்காகத்தானே வாங்குகிறேன்!

கட்டிலுக்கு அடியில் இடமில்லை. பீரோவுக்குப் பின்னால் இடமில்லை. நான் படுக்க மட்டும் கொஞ்சம் இருக்கிறது. இதுவே கடைசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், போன மாதம் மாதிரியே.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் ஒரு இளம்பெண்ணின் குரல். பழைய நாடக அரங்கத்துக்கு நூறு வயதாகிறதாம். கண்காட்சி நடத்துகிறார்கள், அதற்கு இவள்தான் அதிகாரி. "'பதினேழாம் நம்பர் சாவி' நாடக போஸ்டர் உங்ககிட்ட இருக்காமே மேடம்?"

"பாதி இருக்கு."

"ஐயோ, கிழிஞ்சிடுச்சா?"

"இல்லம்மா. விவாகரத்து ஆயிடுச்சு."

பாவம், அந்தப் பெண் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். நானே விளக்கினேன். பெரிய போஸ்டர்களை ஒரே தாளில் அச்சடிக்க முடியாது. மேல் தாள், கீழ்த் தாள் என்று இரண்டாக அடித்து, சுவரில்தான் ஒன்றாக ஒட்டுவார்கள். எங்கள் போஸ்டரில் மாடி ஜன்னலிலிருந்து ஒருத்தி கயிற்றில் கட்டிய சாவியைக் கீழே விடுகிறாள். கீழே மழையில் நனைந்தபடி ஒருவன் அண்ணாந்து கையை நீட்டுகிறான். தாள்கள் சேரும் இடம் சரியாகச் சாவியின் நடுவில். சாவியின் வளையம் என்னிடம், பல் என் முன்னாள் கணவரிடம். நாடகத்தின் பெயர் என்னிடம், நாளும் அரங்கமும் அவரிடம். அவருடையதில் தலைப்பு இல்லை, என்னுடையதில் என்றைக்கு, எங்கே என்று இல்லை.

நாலு வருஷத்துக்கு முன் வக்கீல் அலுவலகத்தில் போஸ்டர்களைப் பிரித்தோம். நாடகமும் சினிமாவும் எனக்கு, பயணமும் போரும் அவருக்கு. "பொருத்தமாத்தான் இருக்கு" என்றார் வக்கீல். இந்த ஒன்றுக்கு மட்டும் இருவரும் மல்லுக்கு நின்றோம். விட்டுக்கொடுக்க மனசில்லாமல் ஆளுக்கொரு தாள் எடுத்துக்கொண்டோம். போஸ்டர் பைத்தியம் பிடித்த இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்ய மாட்டார்கள். அன்றிலிருந்து இந்தக் குறிப்பில் அவர் பெயர் கீழ்ப்பாதி.

மார்ச் 10, திங்கள்

கீழ்ப்பாதி கூப்பிட்டார். "எப்படி இருக்கீங்க?"

கீங்க! பதினாலு வருஷம் "ஏய்" என்றும் "இங்க பாரு" என்றும் கூப்பிட்ட மனுஷர், கையெழுத்துப் போட்ட மறுநாளிலிருந்து மரியாதையில் முழுகிவிட்டார். நானும் சளைக்காமல் "நல்லா இருக்கேன், நீங்க?" என்றேன். முன்பெல்லாம் நானும் நீ-தான். இரண்டு பேரும் வங்கி மேலாளர்கள் மாதிரி பேசிக்கொண்டோம். கண்காட்சிக்குத் தர அவருக்குச் சம்மதமாம். லிஃப்ட் பரிசோதகர் அல்லவா, எதையும் பத்திரமாக மேலே கீழே கொண்டுபோவார்.

அந்தக் கீழ்த் தாளை வாங்கிக்கொள்கிறேன் என்று இந்த நாலு வருஷத்தில் மூன்று முறை கேட்டுவிட்டேன். மூன்று முறையும் "விக்கறதுக்கு இல்லீங்க."

மார்ச் 13, வியாழன்

ஒரே நாளில் நாலு பேருக்குக் கண்புரை. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 16, ஞாயிறு

தங்கை வந்தாள். "போஸ்டரைச் சாக்கா வெச்சு அத்தானைப் பார்க்கப் போறே" என்றாள். அத்தானாம்! இவளுக்கு மட்டும் விவாகரத்து ஆகவே இல்லை.

அவரைப் பார்க்க எனக்கென்ன? என் கவலையெல்லாம் விளிம்பைப் பற்றி. கீழ்த் தாளின் மேல் ஓரத்தில் அச்சில்லாத வெள்ளைப் பட்டை ஒன்று உண்டு. பசை தடவி அதன்மேல்தான் மேல் தாளை ஏற்றி ஒட்ட வேண்டும். சட்டம் போடும்போது அழகாக இல்லை என்று அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். இவரோ பிறவி வெட்டி. ரெடிமேட் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஒரு கப்பல் கம்பெனி போஸ்டரின் ஓரத்தைச் சமையலறைக் கத்தரிக்கோலால் நறுக்கியவர். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"கண்டிப்பா வெட்டியிருப்பார்" என்றேன். தங்கை, இல்லை என்றாள். ஒரு சேலை பந்தயம்.

மார்ச் 22, சனி

நானும் கீழ்ப்பாதியும் காகித வைத்தியரிடம் போனோம். பழைய தாள்களைக் கழுவி, கிழிசல் அடைத்து, துணியில் ஒட்டித் தருகிற அம்மாள். பட்டறை முழுக்க மாவுப் பசை வாசனை, நீள மேஜை, பலகையில் இழுத்துக் கட்டிய ஈரத்துணி. "செருப்பைக் கழட்டுங்க. தும்மறதா இருந்தா வெளிய போய்த் தும்முங்க" என்பதுதான் வரவேற்பு.

நான் குழாயில் சுருட்டிக் கொண்டுபோயிருந்தேன். அவர் சட்டத்தோடு, போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். கொஞ்சம் இளைத்திருக்கிறார். முன் தலையில் முடி விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. நல்ல சட்டைதான், இஸ்திரிதான் ஒரு பக்கம் மட்டும்.

போர்வையை எடுத்தார். மழையில் நனைந்த ஆள், நீட்டிய கை, சாவியின் பல். அதற்கு மேலே மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு பட்டை. சட்டத்துக்குள் அசிங்கமாக, வெள்ளையடிக்கிற ஆள் பாதியில் போய்விட்ட சுவர் மாதிரி.

"எந்தக் கடைக்காரன் இதை வெட்டாம சட்டம் போட்டான்?" என்றார் வைத்தியர்.

"அவன் வெட்டத்தான் பார்த்தான். நான் விடலை."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஏன், கத்தரிக்கோல் தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டுவைத்தேன்.

சட்டென்று என் பக்கம் திரும்பினார். "அது ஒட்டற இடம். அதை வெட்டிட்டா அப்புறம் எப்படிடி ஒட்டறது?"

டி!

வைத்தியர் சுத்தமாக இருந்த தூரிகையை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தார். கீழ்ப்பாதி காது வரை சிவந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கண்ணாடி நான் எழுதிக் கொடுத்தது. நாலு வருஷமாக மாற்றவே இல்லை. அந்தப் பவரில் இவருக்கு எதிரே நிற்பது நானா தூணா என்றே தெரியாது.

வைத்தியர்தான் பேச்சை மாற்றினார். "சேர்த்துத் துணியில ஒட்டிட்டா ஒட்டினதுதான். அப்புறம் ஆளுக்குப் பாதின்னு வந்து நிக்காதீங்க, மை கலைஞ்சு ரெண்டும் பாழாயிடும். யாருக்குன்னு முடிவு பண்ணிட்டு வாங்க."

"அவங்களே வெச்சுக்கட்டும். கண்காட்சி முடிஞ்சதும் முழுசா நீங்களே எடுத்துக்கோங்க" என்றார் கீழ்ப்பாதி, முதல் பாதியை வைத்தியரிடமும் மறுபாதியை என்னிடமும். மறுபடி நீங்க.

யோசித்துச் சொல்கிறேன் என்று படியிறங்கிவிட்டேன். குழாயை அங்கேயே மறந்துவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

நாலு வருஷமா இதைத்தானே கேட்டேன்? முழுசா எனக்கு. இப்ப தூக்கிக் குடுக்கறார். அப்புறம் ஏன் இப்படிக் கோவம் வருது?

தானம் பண்றாராம். குடுத்துட்டு ஒரேயடியா கையைக் கழுவிட்டுப் போயிடலாம்னு பார்க்கறார். அப்ப அந்தப் பட்டையை ஏன் விட்டுவெச்சே? தினமும் அந்த வெள்ளையைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டிருப்பார், தூங்கியிருப்பார். ஒரு தடவை — ஒரே ஒரு தடவை ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கக் கூடாதா? நானும்தான் பண்ணலை. போஸ்டர் விலையைக் கேட்டுத்தான் மூணு தடவை பண்ணினேன்.

நாங்க ஒண்ணும் அடிச்சுக்கிட்டுப் பிரியலை. அவருக்கு வேற ஊர்ல வேலை, எனக்கு இங்க கடை. வாராவாரம் வந்தது மாசத்துக்கு ஒண்ணாச்சு. பேச்சு குறைஞ்சு குறைஞ்சு "கேஸ் சிலிண்டர் வந்துச்சா"ன்னு கேக்கறதோட நின்னுபோச்சு. அவர் இந்த ஊருக்கே மாத்தல் வாங்கிட்டு வந்தப்ப கையெழுத்து ஆகி மூணு மாசம்.

சரி, எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். எனக்குக் கீழ்ப்பாதி வேண்டும். காகிதத்தைச் சொல்லவில்லை.

தங்கைக்குச் சேலை வாங்க வேண்டும்.

மார்ச் 29, சனி

"உங்க பவர் மாறியிருக்கும், கடைக்கு வாங்க" என்று செய்தி அனுப்பினேன். முதல் ஆளாக வந்து நின்றார்.

பரிசோதனை அறையில் விளக்கை அணைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு கண்ணாடித் துண்டாக மாற்றிப் போட்டேன். தினம் நாற்பது பேரிடம் கேட்கிற கேள்விதான். "முதல்ல நல்லா இருந்துச்சா, ரெண்டாவது தடவை நல்லா இருக்கா?"

வெளியே அடுத்த ஆள் இருமுகிற சத்தம்.

"முதல் தடவை நான் சரியாப் பார்க்கலைன்னு நினைக்கிறேன்" என்றார்.

கேள்வி எங்கே போய் நிற்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்லவேளை, இருட்டு. "பலகையைப் பார்த்துச் சொல்லு" என்றேன். சொல்லு என்றுதான் சொன்னேன். வாயில் வந்துவிட்டது.

"ரெண்டாவது."

பவரை எழுதினேன். இரண்டு தடவை அடித்து எழுதினேன். "எனக்கு நீ ஒண்ணும் தானம் பண்ண வேணாம். சேர்த்தே ஒட்டட்டும். யாருக்குங்கறதை அப்புறம் பார்க்கலாம்" என்றேன். தலையாட்டினார். போகும்போது கதவு என்று நினைத்துக் கண்ணாடி அலமாரியில் இடித்துக்கொண்டார். பழைய பவர்!

ஏப்ரல் 12, சனி

ஒட்டியாயிற்று. நானும் அவரும் ஆளுக்கொரு முனை பிடித்தோம். "இறக்குங்க, இன்னும் கொஞ்சம், நிறுத்துங்க, மூச்சு விடாதீங்க" என்று வைத்தியர் இருவரையும் விரட்டினார். ஈரத் தாள் அப்படிக் கனக்கும் என்று நினைக்கவில்லை. சாவி சேர்ந்தது. கயிறு மட்டும் ஒரு நூல் விலகல். "அச்சடிச்சவன் அப்படித்தான் அடிச்சிருக்கான், என்னைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார் வைத்தியர். யாரும் சொல்லவில்லை.

நானும் அவரும் வெளியே வந்து காபி குடித்தோம். தன் வீட்டில் மாட்டியிருக்கிற போர்க்கால போஸ்டரைப் பற்றிச் சொன்னார். "வீண் பேச்சு எதிரிக்கு உதவி" என்று எழுதியிருக்குமாம். அதன் கீழே உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவதாகச் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் இன்னும் இரண்டு காபி சொன்னேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கண்காட்சி. நம் போஸ்டருக்கு நடு மண்டபம்! பக்கத்தில் சின்ன அட்டை: "ஒரு தம்பதியின் சேகரிப்பிலிருந்து."

அதிகாரிப் பெண் எங்கள் இருவரையும் சேர்ந்தாற்போல் பார்த்ததும் முகம் வெளிறி ஓடி வந்தாள். "சாரி மேடம், மறந்தே போயிட்டேன். இப்பவே மாத்திடறேன்."

"இப்ப பிய்ச்சா சுவர்ல பசை தெரியும்மா. இருக்கட்டும்" என்றேன்.

அவர் அட்டையை மிக அருகில் போய்ப் படித்தார், புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டும்.

மே 7, புதன்

இன்று கூப்பிட்டு முக்கால் மணி நேரம் பேசினார். கேஸ் சிலிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மே 18, ஞாயிறு

கண்காட்சி முடிந்தது. "எந்த அட்ரஸுக்கு அனுப்பணும்?" என்று அதிகாரிப் பெண் கேட்டாள். "அவங்க வீட்டுக்கு" என்றார் அவர். "அவர் வீட்டுக்கு" என்றேன் நான். அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டாள்.

உண்மையில் இரண்டு வீட்டிலும் அதற்கு இடமில்லை. சட்டத்தோடு ஏழரை அடி உயரம். என் வீட்டில் குறுக்கே உத்தரம், அவர் வீட்டில் பரண். இப்போதைக்கு வைத்தியரிடம் விட்டிருக்கிறோம். "என் பட்டறை என்ன லாட்ஜா? சீக்கிரம் வீடு பாருங்க" என்று திட்டினார்.

வீடு பாருங்க என்றுதான் சொன்னார். வீடுகள் என்று சொல்லவில்லை. வண்டியில் வரும்போது அவர் இதை இரண்டு முறை சொன்னார்.

ஜூன் 1, ஞாயிறு

இன்று பார்த்தது மூன்றாவது வீடு. தண்ணீர் வரும் நேரம், வெயில் வரும் ஜன்னல், வண்டி நிறுத்தும் இடம் என்று தரகர் அடுக்கிக்கொண்டே போனார். நாங்கள் கூடத்துச் சுவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஈரமில்லை, வெயில் நேராக அடிக்காது, உத்தரம் இல்லை, பரண் இல்லை. அவர் ஸ்டூல் மேல் ஏறி டேப்பை மேலே பிடித்தார். நான் கீழே குந்தி மறுமுனையைத் தரையில் அழுத்தினேன்.

"தாராளமா நிக்கும். ஒரு சாண் மிச்சம்" என்றார்.

தரகருக்கு ஒன்றும் புரியவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். மொத்தம் எத்தனை பேர் குடி வரப்போறீங்க? வீட்டுக்காரர் கேப்பார்."

ஸ்டூல் மேலே நின்றபடி அவர், டேப்பில் இருக்கிற எண்ணை இப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேர்" என்றேன்.

டேப் அவர் கையிலிருந்து நழுவி என் உச்சந்தலையில் விழுந்தது. நல்ல வலி. ஸ்டூலிலிருந்து குதித்து இறங்கி வந்து, "எங்கடி, எங்க பட்டுச்சு" என்று தேய்த்துக்கொண்டே இருந்தார். வலி நின்ற பிறகும் நான் சொல்லவில்லை. தரகர் பால்கனியைப் பார்க்கப் போய்விட்டார்.