துளை மெசினுக்கு ஐந்து விதிகள்

12.07.2024

ஞாயிறு குருக்கள்மடம் மைதானத்தில் வேலை. நெல் லொறிகள் ஏறி இறங்கித் தரை கல்லாகிவிட்டது. றஜிதா பயிற்றும் பெண்கள் உதைபந்தாட்ட அணியில் யார் விழுந்தாலும் முழங்கால் கிழிகிறது. உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டும் துளை மெசின் ஒன்று இரவலாகக் கிடைத்திருக்கிறது. அதன் குழாய்ப் பற்கள் குத்தி இறங்கி, விரல் தடிப்பில் மண்ணைப் பிடுங்கிப் போடும்; வேருக்குக் காற்றும் நீரும் போகும். மேற்பார்வை நானாம். விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற ஒரே காரணம். விதிகள்:

1. தரை ஈரமாக இருக்கவேண்டும், சேறாக அல்ல. முதல் நாள் தண்ணீர் விடுவது.
2. நிலத்தடிக் குழாய் போகும் இடமெல்லாம் கொடி நட்டு, விலக்கி ஓட்டுவது.
3. திரும்புமுன் பற்களைத் தூக்குவது. நடைவேகம் போதும்.
4. மெசினைத் தொடுமுன் எஞ்சினை நிறுத்தித் திறப்பை எடுப்பது. ஓடும்போது எவரும் அதில் ஏறக்கூடாது.
5. பார்த்து நிற்பவர் கத்தக்கூடாது, ஓட்டுபவர் தடுமாறுவார். கையைத் தூக்கினால் நிறுத்து என்று பொருள்.

இரண்டு தடவை வாசித்தேன். சரிதானா? சரி.

14.07.2024

ஐயோ, குஞ்சித்தம்பியின் கால்.

15.07.2024

ஒழுங்காக எழுதவேண்டும்.

சனி மாலை தண்ணீர் விட்டோம். கச்சான் காற்று விடியுமுன்பே உலர்த்திவிட்டது. பற்கள் இறங்காமல் துள்ளின. நிறுத்தியிருக்க வேண்டும். குஞ்சித்தம்பி, விளையாட்டுக் கழகத் தலைவன், ஒருகாலம் என் மாணவன், சாரனை மடித்துக் கட்டினான்.

"பாரம் காணாது. நான் ஏறுறன். நீ உன்ர பாட்டுக்கு ஓட்டு, ரதீஸ்!"

வயல் வட்டையில் சேற்றை மட்டம் அடிக்கும்போது பலகையில் ஆள் ஏறி நிற்பதுதானே வழக்கம். அதே கால், அதே பழக்கம். ரதீஸ் முன்னால் பார்த்தபடி ஓட்டினான். நான் பின்னால், முப்பதடி தூரத்தில். கையைத் தூக்கினேன். யார் பார்ப்பார்கள்? தூக்கியபடியே நின்றேன். கோல் கம்பத்திலிருந்து நடுக்கோடு வரை – கையைத் தூக்கியபடி! பிறகு அவன் கால் வழுக்கிப் பற்களுக்குக் கீழே போனது. அலறியது அவன். நான் அப்போதும் அலறவில்லை.

16.07.2024

"சேர் எழுதித் தந்தவர். நாங்கதான் கேக்கல்ல" என்று ரதீஸ் எல்லாரிடமும் சொல்லி அழுகிறானாம். என் கடதாசி இன்னும் அவன் சட்டைப்பையில். கடவுளே, யாரும் என்னைப் புகழ வேண்டாம்.

17.07.2024

கிருமி ஏறிவிட்டது. பாதத்தையே எடுக்க வேண்டி வரலாமாம்.

19.07.2024

மைதானத்துக்குப் போய், கோல் கம்பத்திலிருந்து நடுக்கோடு வரை நடைவேகத்தில் நடந்தேன், மணிக்கூட்டைப் பார்த்தபடி. நாற்பது செக்கன்.

பின்னேரம் ஆசுபத்திரி. குஞ்சித்தம்பியின் மனைவி அன்னப்பூரணி வாங்குப் பலகையில் இருந்தாள். "நீங்க அங்கதானே நிண்டீங்க, சேர். எவ்வளவு நேரம் ஏறி நிண்டவர்?"

"கொஞ்ச நேரம்" என்றேன்.

கொஞ்ச நேரம்! அலகு இல்லாத விடைக்குப் புள்ளி தராதவன் நான்.

22.07.2024

இரண்டு விரல் போயிற்று. பாதம் தப்பியது.

24.07.2024

சொல்லிவிட்டேன். "நாற்பது செக்கன், அன்னப்பூரணி. கத்தியிருக்கலாம். எனக்குக் குரல் வரவில்லை."

அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவ எழுந்து போனாள். கட்டிலில் இருந்து குஞ்சித்தம்பிதான் பேசினான்.

"நான் பின்னால கிறுகிப் பாத்தனான், சேர். நீங்க கையத் தூக்கிக்கொண்டு நிண்டீங்க. எனக்கு டாட்டா காட்டுறீங்க எண்டு நினைச்சி நானும் காட்டினன். அதுலதான் பிடி விட்டுப் போச்சி."

சிரித்தான். சிரிக்கிறான்!

25.07.2024

விதியைப் பிழையின்றிக் கடைப்பிடித்தேன். அந்தக் கைதான் அவனை விழுத்தியது.

11.08.2024

மீண்டும் துளை மெசின். முதல் நாள் மாலையிலும் இன்று விடியலிலும் தண்ணீர் விட்டோம். ஸ்குரூ டிரைவரைத் தரையில் குத்தி, நாலு அங்குலம் இறங்கியதைப் பார்த்த பிறகே தொடங்கச் சொன்னேன். ஐந்து விதிகளையும் வாசித்துக் காட்டினேன். ஐந்தாவதில் நாக்கு தடுக்கியது. றஜிதா தன் விசிலை என் கழுத்தில் போட்டாள். பின்னால் அல்ல, ரதீஸ் காணும் பக்கத்தில் நடந்தேன்.

குஞ்சித்தம்பி கதிரையில் இருந்தான். கொஞ்ச நேரத்தில் – பன்னிரண்டாவது நிமிடத்தில் – பற்களைக் கிட்டப் பார்க்க ஊன்றுகோலோடு எழுந்து வந்துவிட்டான். விசில் நினைவுக்கு வரவில்லை.

"நில்லுடா! கிட்ட வராதடா!"

ரதீஸ் தடுமாறவில்லை. உடனே நிறுத்தித் திறப்பை உருவினான். குஞ்சித்தம்பி நின்ற இடத்திலேயே நின்றான். "படிப்பிச்ச காலத்துல இப்பிடி ஒருக்காக் கத்தியிருந்தா நான் சோதினையில சித்தியடைஞ்சிருப்பன், சேர்."

அன்னப்பூரணி அவனைத் திட்டிக்கொண்டே கதிரையில் இருத்தினாள். பிறகு எனக்கும் ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள்.

ஐந்தாவது விதி பிழை. அதை எழுதியபோது நான் நினைத்தது ஓட்டுபவரை அல்ல, கத்த வராத என்னை.