சேதம் என்று எழுதித் தரமாட்டேன்

என்னைப் பெற்ற தங்கமே, என் அம்மா,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. கீழ்பென்னாத்தூர் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கி, கடலை ஆய்ந்து நீ படிக்க வைத்த மகள், திருவண்ணாமலை கோர்ட்டில் பன்னிரண்டு வருஷம் வழக்காடியவள், இப்போது மறுபடி மாணவியாகிவிட்டேன். உன் மாப்பிள்ளைக்குக் கனடாவில் வேலை. நானும் போக வேண்டும். "அங்க போய் வீட்டைப் பாத்துக்கினு இரு, போதும்" என்கிறார் சித்தப்பா. அதற்கா நீ என்னைச் சட்டம் படிக்க வைத்தாய்?

அங்கேயும் வக்கீலாகத்தான் இருப்பேன் என்று விண்ணப்பம் போட்டேன். நம்மூர்ப் பட்டத்தை முதலில் கனடாக்காரர்கள் ஏற்க வேண்டும். பிறகு அவர்கள் சட்டத்தில் ஐந்து தேர்வு எழுத வேண்டும். சிரிப்புதான் வருகிறது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வந்து வருஷக்கணக்காகத் தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பதே நான்தான்.

பட்டத்தின் நகலை அனுப்பினேன். ஏற்கவில்லை. முத்திரை தெரியவில்லையாம், கறை படிந்திருக்கிறதாம்.

கறையா? எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். பட்டம் வாங்கி வந்த அன்று, புதுப் புடவைக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் வைப்பதுபோல மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் வைத்தாய். எழுதப் படிக்கத் தெரியாதவள் நீ. எழுத்தின் மேல் பட்டுவிடக் கூடாதென்றுதான் மூலையாகப் பார்த்து வைத்தாய். ஒரு மூலையில் முத்திரை இருந்தது உன் தப்பா? பக்கத்தில் நின்ற நானே தடுக்கவில்லையே.

சென்னைக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தில் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் நல்ல மனிதர்தான். "சேதமாயிடுச்சுனு பிரமாணப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டு, பழசை ஒப்படைச்சிடுங்க மேடம். புதுசு வந்துடும்" என்றார்.

எத்தனையோ பேருக்குப் பிரமாணப் பத்திரம் எழுதியவள் நான். அந்த ஒரு வரி எழுதக் கை வரவில்லை.

"சேதம் ஆகல சார். எங்கம்மா மஞ்சள் வெச்சாங்க. அதைச் சேதம்னு நான் எழுதித் தரமாட்டேன்."

உன் மாப்பிள்ளை போனில் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு வரிதானே, எதற்கு இந்த அடம் என்று கேட்டார். ஒரு வரிதான். எழுதினால் பட்டம் பல்கலைக்கழகத்திடம் போய்விடும். நீ விரல் வைத்த காகிதம் என்னிடம் வேறு எது இருக்கிறது?

கனடாக்காரர்களின் விதிமுறைகளை ஒரு வரி விடாமல் படித்தேன். பல்கலைக்கழகமே நேராக அவர்களுக்கு உறுதிக் கடிதம் அனுப்பலாம் என்று ஒரு வழி இருந்தது. மனு கொடுத்தேன். மூன்று முறை சென்னைக்குப் பஸ் ஏறினேன். கடிதம் போனது, பட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். இதிலேயே எட்டு மாதம் போய்விட்டது. போகட்டும்.

நான்கு தேர்வில் தேறிவிட்டேன். அவர்கள் நாட்டு அரசியல் சட்டத்தில் தோற்றுவிட்டேன். உன்னிடம் மறைப்பானேன், அழுதேன். அப்போதே சொன்னேனே என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். திரியட்டும். அடுத்த மாதம் மறுபடி எழுதுகிறேன். அதிலும் போனால் அதற்கடுத்த முறை.

அங்கே வக்கீலாகச் சேரும் நாளில் நேர்மை தவறமாட்டேன் என்று உறுதிமொழி எடுக்கச் சொல்வார்களாம். குரல் நடுங்காமல் எடுப்பேன் அம்மா. உன்னைப் பற்றி ஒரு பொய்கூட எழுதிக் கொடுக்காமல்தான் அந்த இடத்தில் போய் நிற்பேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்கார மூத்த மகள்