மூடாக்குக்குக் கேட்ட பழுப்பு அட்டை

இன்று காலை வெண்டை விதை ஊன்றப் பாத்தியைக் கிளறினேன். கையில் ஒரு துண்டு பழுப்பு டேப் சிக்கியது. ஒரு முனையில் பல் பட்ட தடம். பெட்டியில் ஒட்டிய டேப்பை நகத்தால் உரி என்றால் கேட்பாயா நீ? பல்லால் கடித்து இழுத்துத் துப்புவாய். நீ கொண்டு வந்த அட்டையெல்லாம் மக்கி மண்ணாகிவிட்டது. இது மட்டும் அப்படியே கிடக்கிறது, புள்ள. கையில் வைத்துக்கொண்டு வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பத்தாவது வரை நாம் ஒரே பெஞ்ச். நான் டீச்சரானேன், நீ பட்டாசு ஆலைக்கு, நம்மூர் வாயில் பட்டாசு ஆபீஸுக்கு, வேலைக்குப் போனாய். இந்தக் காலனியில் வீடு கட்டி வந்ததும் எனக்குத் தோட்டக் கிறுக்குப் பிடித்தது. பிளாட் போட்டவர்கள் சரளையைக் கொட்டி மட்டம் செய்த நிலம், கடப்பாரை போட்டால் கை அதிரும். தோண்டவே வேண்டாம், தரையை அட்டையால் மூடி, மேலே சாணமும் சருகும் பரப்பி நனைத்தால் மண்புழு தானே வரும், மண் தானே வளரும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். மூடாக்கு என்றார். உன்னிடம் சொன்னதும் சிரித்தாய். "அட்டைக்கா பஞ்சம்? நம்மூர்ல சோறு இல்லாத வீட்டுலயும் அட்டை இருக்கும்."

முதலில் உன் நாத்தனார் வேலை பார்க்கும் அச்சாபீஸிலிருந்து ஒரு மூட்டை கொண்டு வந்தாய். காலண்டர் வெட்டுத்துண்டுகள், எல்லாம் கலர் கலராக. நான் அதைத் திருப்பி அனுப்பினேன். "கலர் மையில விஷம் இருக்கும் புள்ள. மண்புழு செத்துப்போகும். மை படாத பழுப்பு அட்டைதான் வேணும்" என்றேன்.

நீ மூட்டையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "புழுவுக்கு இம்புட்டுப் பாக்குற. நாங்க அன்னாடம் வெடிமருந்துலதான் கெடக்கோம், எங்கள ஒரு வார்த்தை கேட்டியா?"

கிண்டலாகத்தான் சொன்னாய். நானும் சிரித்து வைத்தேன்.

அதன் பிறகு உங்கள் பேக்கிங் செக்‌ஷனில் மிஞ்சிய பழுப்புப் பெட்டிகள் வந்தன. நாலு பாத்தி மூடிவிட்டோம். ஐந்தாவதற்கு இல்லை. "சீசன் புள்ள. ஆர்டர் குவிஞ்சு கெடக்கு, ஒரு பொட்டி மிஞ்சல. தீபாவளி கழியட்டும்" என்றாய். எனக்குப் பொறுக்கவில்லை. மழைக்கு முன்னால் மூட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வேறு எங்கேயும் கிடக்காதா என்று குடைந்தேன். "மருந்து ரூம் பின்னாடி காலிப் பொட்டி கெடக்கு. அங்கன எங்காளுக போகக் கூடாது" என்றாய்.

"ஒரு எட்டுப் பாத்துட்டு வாயேன். யாரு பாக்கப் போறா?"

இது நான் சொன்னது. ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் ஏழாம் வகுப்பில் இருந்தேன், சன்னல் அதிர்ந்தது. இந்த ஊரில் சத்தம் கேட்டால் முதலில் திசையைத்தான் பார்ப்போம். ஆனைக்குட்டம் பக்கம் புகை. உன் ஆபீஸ் அந்தப் பக்கம்தான் என்று தெரிந்தும் பாடத்தைத் தொடர்ந்தேன். மற்றவர்கள் எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்களாம். நீ பெட்டியைத் தரையில் இழுத்திருப்பாய், சிந்திக் கிடந்த மருந்து உரசியிருக்கும். வெடி உன் ஒருத்தி உயிரைத்தான் எடுத்தது. முகத்தைக்கூடக் காட்டவில்லை, கட்டித்தான் கொண்டு வந்தார்கள்.

உன் வீட்டுக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "பேக்கிங்ல இருந்தவளுக்கு அங்கன என்ன சோலி டீச்சர்? ஒங்ககிட்ட எதுவும் சொன்னாளா?"

"தெரியலையேண்ணே."

வாய் கூசாமல் வந்தது. போலீஸ் விசாரிக்கும், பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள், சர்ச்சில் முன் பெஞ்சில் எப்படி உட்காருவேன் என்று அந்த நேரத்தில் கணக்காக யோசித்தேன். படுபாவி நான்! ஊர் சும்மா இருக்குமா? வீட்டில் திருட்டு வெடி கட்டுகிறவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கப் போய்ச் செத்தாள் என்று பேசியது. பேசப் பேச அதுவே உண்மையாகிவிட்டது. நான் ஐந்தாவது பாத்தியைப் பழைய பருத்திச் சேலைகளைப் போட்டு மூடினேன். அதுவும் நன்றாகவே மக்கியது.

இப்போது கையை விட்டால் முழங்கை வரை இறங்குகிறது. மண்புழு நெளிகிறது. ஒன்றுகூடச் சாகவில்லை.

நேற்று சாயங்காலம் உன் வீட்டுக்காரர் மகளுக்குச் சான்றிதழ் வாங்கும் விஷயமாக வந்தார். கத்திரிக்காய் பறித்துக் கொடுத்தேன். பையை வாங்கிக்கொண்டே சொன்னார். "அவ போட்டோவக் கழட்டிட்டேன் டீச்சர். பொம்பளப்புள்ள வளருதுல்ல. திருடப் போய்ச் செத்தவ படத்தை மாட்டி வச்சிருந்தா வாரவுக என்ன நெனைப்பாக?"

இப்போதாவது சொல்லிவிட நினைத்தேன். வாயைத் திறந்தேன்.

"இருங்கண்ணே" என்று இன்னும் நாலு காய் பறித்துப் பையில் போட்டேன்.

"நல்லா இருப்பீக டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ எதற்குப் போனாய் என்பது இன்றைக்கும் என் ஒருத்திக்குத்தான் தெரியும். அவருக்கு எழுத வேண்டியதை உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், நீ படிக்க மாட்டாய் என்ற தைரியத்தில்.