ஜாபர் கொண்டுவந்த கிழிசல்

என் ஆசை அண்ணனுக்கு,

நல்ல சேதியோடுதான் எழுதுகிறேன். நேற்றுச் சாயங்காலம் ஸ்ரீரங்கம் பக்கம் கொள்ளிடம் மணலில் ஜாபரின் முகம் செத்துப்போனதைக் கண்ணாரப் பார்த்தேன். நீயும் பார்த்தாயா?

"மன்னிச்சு விட்டுரு ரஹ்மத்து, அல்லா பாத்துக்குவான்" என்று அம்மா ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அல்லா பார்த்துக்கொள்ளட்டும், நானும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். ஷார்ஜாவில் கூடாரம் தைக்கும் கம்பெனியில் பதினோரு வருஷம் உழைத்துவிட்டு உறையூர் வீட்டுக்குத் திரும்பினாய். ஊரில் எல்லோரும் தங்கம் கொண்டுவருவார்கள். நீ கொண்டுவந்தது நைலான் துணிச் சுருள். நான் பிளவுஸ் தைக்கிற மெஷினில், இருபதடி நீளத்துக்கு ஒரு கெண்டை மீன் பட்டம் தைத்தாய். ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒவ்வொரு செதிலும் நீயே வரைந்து, நீயே வெட்டியது.

ஜாபர் ஷார்ஜாவில் உன்னோடு ஒரே ரூமில் இருந்தவன். நன்றாகப் பேசுவான், காரும் வைத்திருந்தான். கடற்கரையில் நடக்கிற பட்டத் திருவிழாவுக்கு எடுத்துப் போகிறேன் என்றான். கெண்டையோடு, நீ தைத்திருந்த பருந்துப் பட்டத்தையும் திருக்கை மீன் பட்டத்தையும் நம்பிக் கொடுத்தாய். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. தானே உருவாக்கிய பட்டத்துடன் ஜாபர் என்று கீழே போட்டிருந்தது.

நீ போய்க் கேட்டாய். டீக்கடையில் அத்தனை பேர் முன்னால், "நீ தச்சவன்தானப்பா, ஐடியா என்னோடதுல்ல?" என்று சிரித்தானாம். வீட்டுக்கு வந்து மெஷினுக்கு மூடி போட்டாய். அப்புறம் நீ அதைத் திறக்கவே இல்லை. நாலாவது மாதம் உன் நெஞ்சு நின்றுபோனது. அதற்கு அவன்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். நான் சொல்வேன்.

அதைக்கூட விட்டிருப்பேனோ என்னவோ. ஜனாஸா எடுப்பதற்கு முன்னால் வாசலில் நின்று வந்தவர்களிடம் அவன் சொன்னது என் காதில் விழுந்தது. "பாவம், நல்ல புள்ள. நம்மகிட்டதான் வேலை பாத்துக்கிட்டு இருந்தாப்ல." நீ அப்போது உள்ளேதான் படுத்திருந்தாய், அண்ணே. உனக்குக் கேட்டதா?

போன வாரம் அவனே நம் வீட்டுப் படியேறி வந்தான். கையில் உன் கெண்டை, பைக்குள் சுருண்டு கிடந்தது. முதுகில் ஒன்றரை முழத்துக்குக் கிழிசல். கடைவீதியில் யாரோ பருத்தித் துணியை வைத்து ஒட்டுப் போட்டிருந்தார்கள். அதனால் பட்டம் ஒரு பக்கமாக இழுக்கிறதாம்.

"ஞாயித்துக்கெழமை கொள்ளிடத்துல பட்டம் விடுறோம்மா. பெரிய ஆளுங்கல்லாம் வர்றாங்க. ஒன்னாலதான் முடியும்."

"வச்சுட்டுப் போங்க" என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் மெஷினில் இற்றுப்போன நூலைத்தான் கோத்தேன். எல்லோரும் பார்க்கிறபோது, உச்சியில் வைத்து அது பிய்ந்து விழ வேண்டும். ஒரு சாண் தைத்தும்விட்டேன். அப்புறம்தான் உறைத்தது, விழுந்தால் விழுவது உன் மீன் அல்லவா? அந்தத் தையலைப் பிரித்துப் போட்டேன்.

பிறகு நீ செய்கிற மாதிரியே செய்தேன். பருத்தி ஒட்டைப் பிரித்தெடுத்து, ஈரத்துணியால் மணலைத் துடைத்து, கூடத்துத் தரையில் துணியை விரித்து, கிழிசலின் இரண்டு ஓரங்களையும் சேர்த்து டேப் ஒட்டினேன். உன் அலமாரியில் மிச்சமிருந்த நைலானில் ஒட்டுத்துணி வெட்டினேன். ஓரம் நூல் பிரியாமல் இருக்க, சூடான சால்டரிங் கம்பியால் வெட்டினேன். மூலைகளை வளைத்து, இழை ஓடுகிற திசை பார்த்து வைத்து, மெல்லிய ஊசியில் ஜிக்ஜாக் அடித்தேன். கிழிசல் இருந்த இடமே தெரியவில்லை.

அதற்கப்புறம் பட்டத்தைத் திருப்பிப் போட்டேன். வயிற்றுப் பக்கம், தரையில் நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்க்கிற பக்கம், கருநீலத் துணியில் எழுத்துக்கு ஒரு முழமாக உன் பெயரை வெட்டித் தைத்தேன்.

ஜாபர் அவசரமாக வந்தான். முதுகை மட்டும் தடவிப் பார்த்து "சூப்பர்மா" என்றான். மடித்தபடியே எடுத்துக்கொண்டு போனான்.

நேற்று நானும் அம்மாவும் பஸ் பிடித்துப் போனோம். ஆனி மாதக் காற்று மணலை வாரி அடித்தது. மைக்கில் ஒருவர், "அடுத்தது நம்ம ஜாபர் பாய் கைவண்ணத்துல உருவான கெண்டை மீன்" என்றார். கைதட்டினார்கள். மணலில் வயிறு பதித்துக் கிடந்த கெண்டை காற்றைக் குடித்து உப்பி எழுந்தது. ஐம்பதடி உயரத்தில் நேராக நின்றது.

முதலில் ஒரு சின்னப் பெண் சத்தமாகப் படித்தாள். அப்புறம் கூட்டமே படித்தது. "அன்வர் யாரு?" என்று மைக்கில் பேசியவரே கேட்டுவிட்டார். "அன்வர்தாங்க இதைச் செஞ்சது. எங்கண்ணன்" என்று நான் கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே நேற்றுதான் தெரிந்தது.

அம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர்கள். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார்கள். அழுவார்கள் என்று நினைத்தேன்.

"இன்னுங் கொஞ்சம் பெருசா வச்சிருக்கலாம்லடி?" என்றார்கள்.

ஜாபர் கயிற்றை ஆளிடம் கொடுத்துவிட்டு மணலில் புதைந்து புதைந்து ஓடிவந்தான். "என்னம்மா இப்புடிப் பண்ணிட்ட? இன்னிக்கே பிரிச்சுக் குடு."

"தாராளமா பிரிக்கலாங்க. ஆனா நைலான்ல ஊசி ஓட்டை மூடாது. வெயில் பட்டா ஓட்டை ஓட்டையா எங்கண்ணன் பேருதான் தெரியும்."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை. மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மனம் ஆறிவிட்டதா என்று கேட்கிறாயா? இல்லை அண்ணே. உன் பருந்தும் திருக்கை மீனும் இன்னும் அவனிடம்தான் இருக்கின்றன. துணி என்றைக்காவது கிழியும். கிழிந்தால் அவன் என்னிடம்தான் வர வேண்டும். வரவில்லை என்றால், ஊசியும் கருநீலத் துணியும் எடுத்துக்கொண்டு நானே அவன் வீட்டுக்குப் போவேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன்னை யாரிடமும் விட்டுக்கொடுக்காத
உன் தங்கச்சி
ரஹ்மத்