பவுண்டில் அடைபட்ட ஆறு குதிரைகளும் கரட்டுப்பதி போலோ மன்றமும்

அனுப்புநர்:
கே. எஸ். ராமபத்ரன், பத்திரிகை நிருபர்,
செயலாளர், கரட்டுப்பதி போலோ மன்றம்,
கொழிஞ்சாம்பாறை வழி, பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு சப்-கலெக்டர் அவர்கள்,
பாலக்காடு.

பொருள்: மன்றத்தின் குதிரைகளை உரியவர் இல்லாதவை என்று ஏலம் விடுவதை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் மன்றம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ராணுவத்தில் குதிரை பராமரித்து ஓய்வுபெற்ற செங்கோட்டையன், குதிரை மேலிருந்து நீண்ட கோலால் பந்தடிக்கும் போலோ ஆட்டத்தை இங்குள்ள ஜட்கா வண்டிக்காரர்களுக்குப் பழக்கினார். பிறகு அரிசி ஆலைக் கணக்கரும், காட்டு வேலை செய்பவர்களும், சந்தை வியாபாரிகளும் சேர்ந்தார்கள். இப்போது ஆட்டக்காரர்கள் பதினொருவர். ஞாயிறுதோறும் ஆட்டம் முடிந்ததும் தகரக் கொட்டகையில் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்கள். இந்தப் பதினொருவரும் சேர்ந்து உட்காரக்கூடிய வேறு வீடு இந்த ஊரில் இல்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

2. முதலாண்டில் குதிரைகள் தனித்தனி ஆட்களுக்குச் சொந்தமாக இருந்தன. தோற்கிற நேரம் வந்தால் குதிரைக்காரர் தம் குதிரையை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். மற்றவர்கள் கோலைப் பிடித்தபடி நிற்பார்கள். ஆகவே ஆறு குதிரைகளையும் மன்றத்துக்கே கொடுத்துவிட்டார்கள். வாரநாட்களில் முறைவைத்து வண்டியில் பூட்டிக்கொள்கிறார்கள். 'என் குதிரை' என்று வாய்தவறிச் சொன்னவருக்கு அந்த வாரம் ஆட்டம் இல்லை என்பது விதி.

3. இம்மாதத் தொடக்கத்தில் மழையில் வேலி சாய்ந்து, குதிரைகள் மருதாத்தாள் என்பவரின் கடலைக்காட்டில் இறங்கிவிட்டன. தவறு எங்களுடையது. காட்டை நாங்களே உழுது மறுபடி விதைத்துக் கொடுத்தோம். அதற்குள் குதிரைகள், பயிர்மேய்ந்த கால்நடைகளை அடைக்கும் அரசுப் பட்டியான பவுண்டில் அடைக்கப்பட்டன. அவற்றை விடச் சொல்லி மருதாத்தாளே நேரில் போனார். “குதிரையக் கட்டி வெச்சா என்ர கடலை மொளைக்குமாங்க?” என்று கேட்டார். அப்போதும் விடவில்லை.

4. பவுண்டுப் பொறுப்பாளர் ஆட்டக்காரர்களை வரிசையில் நிறுத்தி, இதில் உன் குதிரை உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறார். பதினொருவரும் “இல்லீங்க” என்று சொல்லியிருக்கிறார்கள். விதி அவர்களை அப்படிப் பழக்கிவிட்டது. நான் அன்று வெளியூரில் இருந்தேன். குதிரைகள் உரியவர் இல்லாதவை என்று முடிவாகி, வரும் வெள்ளிக்கிழமை ஏலம் என்று அறிவிப்பும் ஒட்டியாயிற்று. செங்கோட்டையன் தினமும் அங்கே போய்த் தண்ணீர் காட்டிவருகிறார். உன்னுடையது இல்லையென்றால் உனக்கென்ன வேலை என்று கேட்டதற்கு, “எங்களுதுங்க” என்றாராம். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

5. நான் ஊர் திரும்பி, குதிரைகள் மன்றத்துடையவை என்று பவுண்டில் சொன்னதற்கு, மன்றம் பதிவானதற்குச் சான்று கொண்டுவரச் சொன்னார்கள். பதிவு செய்யப் போன இடத்தில், மன்றத்தின் உடைமைகளை முதலில் காட்டச் சொன்னார்கள். எங்கள் உடைமை பவுண்டில் நிற்கிறது. இதை இரண்டு இடத்திலும் பொறுமையாக விளக்கினேன். நாளை வா என்றார்கள். போனேன். மறுபடியும் நாளை வா என்றார்கள்.

6. கடைசியில் பொறுப்பாளர் ஒரு வழி சொன்னார். எல்லாம் தன்னுடையவை என்று யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே விட்டுவிடுவாராம். மன்றத்துக்கு இரண்டு குதிரைகள் கொடுத்த பழனிச்சாமியைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அவர் சொன்னது: “நாங் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு இவங்கெல்லாம் என்ர குதிரைல ஏறோணும். அதுக்கு நாங் குதிரை குடுக்கலீங்க.” பிறகு யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அந்தக் கையெழுத்தால் குதிரைகள் திரும்பிவரும், மன்றம் வராது. ஏலத்தில் ஆறும் ஆறு திசைக்குப் போனாலும் அதே கதிதான்.

7. ஆகவே, வெள்ளிக்கிழமை ஏலத்தை நிறுத்தி, குதிரைகளை மன்றத்தின் பெயரிலேயே விடுவிக்க உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறேன். மனிதர் பெயர்தான் வேண்டும் என்று சட்டம் சொன்னால், பதினொருவர் பெயரையும் ஒருசேர எழுதிக்கொள்ளட்டும். படிவத்தில் அதற்கு இடம் போதாது என்று பவுண்டில் முன்பே ஒருமுறை சொன்னார்கள். தாளின் பின்பக்கம் காலியாக இருக்கிறது, ஐயா.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
கே. எஸ். ராமபத்ரன்
(ஆட்டக்காரர் பதினொருவரின் கையெழுத்தும் கைநாட்டும் பின்பக்கத்தில்)

இடம்: கரட்டுப்பதி
நாள்: 19.8.1974